எந்தப் பட்டி திறந்திருக்கிறது? அசையும் இணையதளங்களில் வழிகாட்டிப் பட்டிகளின் வரலாறு

இணையதளம் ஒன்றுக்குள் வருபவர் தாம் தேடும் பக்கத்தைச் சென்றடைவதற்காகத் திரையின் மேற்பகுதியிலோ இடப்பக்கத்திலோ வரிசையாக வைக்கப்படும் சொற்களின் தொகுதியைப் பேச்சு வழக்கு மெனு என்கிறது. தமிழ்க் கணிமை அதற்குப் பட்டி என்று பெயரிட்டிருக்கிறது. பட்டியல் என்பதோடு உறவுடைய இச்சொல், ஆடுமாடுகளை அடைக்கும் வேலியிட்ட இடத்தைப் பட்டி என்று வழங்கி, அதற்கென்றே பட்டிப் பொங்கல் வைக்கும் கொங்கு நாட்டில் இன்னொரு பொருளையும் உடன் கொண்டுவருகிறது. அந்த இரண்டாம் பொருளும் இங்கே பொருந்தாமல் இல்லை. இணையதளத்தின் பட்டிக்கும் திறப்பும் அடைப்பும் உண்டு: ஒரு தலைப்பின் மீது சுட்டி வந்து நின்றதும் அதன் கீழுள்ள துணைத் தலைப்புகள் விரிகின்றன, சுட்டி விலகியதும் அவை சுருங்குகின்றன. ஒரே திரையில் இத்தகைய பட்டிகள் ஐந்தோ ஆறோ அமைந்து, ஒவ்வொன்றும் மற்றவற்றைச் சாராமல் தனித்து அசைவதாக இருக்கும்போது, ஒன்று திறக்கையில் ஏற்கெனவே திறந்திருப்பது மூடவேண்டும் என்பதை யார் யாருக்குச் சொல்வது என்னும் கேள்வி எழுகிறது. ஃப்ளாஷ் என்னும் மென்பொருள் இணையத்தை அசைத்துக்கொண்டிருந்த கால் நூற்றாண்டில் இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளும், அந்த விடைகள் கோயம்புத்தூர் போன்ற ஒரு தொழில் நகரத்துக்கும் தமிழ் எழுத்துக்கும் எவ்வாறு பொருள் தந்தன என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

தொடக்க கால இணையத்தில் இக்கேள்வி எழவே இல்லை. அன்றைய இணையப் பக்கம் அச்சிட்ட தாளைப் போல அசையாதது. அடிக்கோடிட்ட நீலநிறச் சொல்லைச் சொடுக்கினால் பழைய பக்கம் முழுதும் மறைந்து புதிய பக்கம் வந்து நிற்கும். இந்தியாவில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைப் பெருநகரங்களில் தொடங்கியபோது கிடைத்த இணையமும் இதுவே. அதே ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி, பக்கத்துக்குள்ளேயே சிறு மாற்றங்களைச் செய்ய வழி திறந்தது. ஆனால் 1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவியின் நான்காம் பதிப்பும் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் நான்காம் பதிப்பும் திரையில் ஒரு பகுதியை மறைப்பதற்கும் காட்டுவதற்கும் வெவ்வேறு கட்டளைகளைக் கைக்கொண்டமையால், விரிந்து சுருங்கும் ஒரு பட்டியைச் செய்ய விரும்பியவர் ஒரே வேலைக்கு இரண்டு நிரல்கள் எழுத வேண்டியிருந்தது. அந்த இரட்டை வேலையின் சலிப்பே பலரை ஃப்ளாஷை நோக்கித் தள்ளியது எனலாம்.

ஃப்ளாஷின் பிறப்பு ஓவியப் பலகையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஜோனதன் கே என்பவரும் கூட்டாளிகளும் 1993இல் தொடங்கிய ஃபியூச்சர்வேவ் நிறுவனம் முதலில் பேனாவால் இயக்கும் கணினிகளுக்கான வரைமென்பொருளைச் செய்தது. அக்கணினிகள் விலைபோகாமற் போகவே, அதே வரைமுறையோடு அசைவைச் சேர்த்து 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்ற பெயரில் வெளியிட்டது. அந்த ஆண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் அதை வாங்கி ஃப்ளாஷ் என்று பெயர் மாற்றியது. இதன் வலிமை அது படத்தைச் சேமித்த முறையில் இருந்தது. ஒளிப்படம்போலப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல், கோடு எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறது என்ற கணக்காகவே அது சேமித்தது. இதற்கு வெக்டர் முறை என்று பெயர். தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 56 கிலோபிட், அதாவது மிகச் சிறந்த நிலையிலும் ஏழு கிலோபைட் அளவே வந்து சேர்ந்த அந்நாளில், 210 கிலோபைட் கொண்ட ஒரு கோப்பு இறங்குவதற்கு அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடத்தை விழுக்காட்டு எண்ணாகக் காட்டிப் பொறுமை காக்கச் செய்யும் முன்னேற்றுத் திரை அக்காலத்து இணையதளங்களின் வாசற்படியாகவே விளங்கியது.

ஃப்ளாஷின் கலைச்சொற்கள் திரைப்படத்திலிருந்தும் நாடகத்திலிருந்தும் வந்தவை. வரையும் இடத்துக்கு மேடை என்று பெயர். அசைவின் ஒரு கணத்துக்கு ஃபிரேம் என்று பெயர். ஃபிரேம்கள் வரிசையாக நிற்கும் கோட்டுக்கு டைம்லைன், அதாவது காலக்கோடு, என்று பெயர். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டி, பின்னர் 1914இல் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பிய நகரம் கோயம்புத்தூர். அந்த அரங்கின் பெயரை ஒரு சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. அவ்வரங்கில் ஓடிய படச்சுருளுக்கும் ஃப்ளாஷின் காலக்கோட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் பட்டிகளின் சிக்கல் முழுவதும் விளங்கிவிடும். படச்சுருள் ஒன்றே, திரையில் தோன்றும் எல்லா மாந்தரும் அந்த ஒரே சுருளின் வேகத்தில், அதே வரிசையில் அசைகிறார்கள். ஃப்ளாஷில் 1998இல் வந்த மூன்றாம் பதிப்பு மூவி கிளிப் என்னும் உறுப்பை அறிமுகப்படுத்தியது: இது மேடையின் மீது வைக்கப்பட்ட ஒரு சிறு படம், ஆனால் தனக்கெனச் சொந்தக் காலக்கோடு உடையது. முதன்மைக் காலக்கோடு நின்றுவிட்டாலும் கிளிப் ஓடும். ஒரு கிளிப் தன் ஏழாம் ஃபிரேமில் இருக்கும்போது பக்கத்துக் கிளிப் தன் முதல் ஃபிரேமில் உறங்கிக்கொண்டிருக்கும். ஒரே திரைக்குள் ஒன்றையொன்று அறியாத பல கடிகாரங்கள் ஓடலாயின.

பட்டிகள் இந்தக் கிளிப்புகளாகவே செய்யப்பட்டன. கோவைக்கு நன்கு பழக்கமான ஒரு தொழிலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பம்புசெட் செய்யும் நிறுவனம் ஒன்றின் தளத்தில் பொருட்கள் என்ற தலைப்பின் கீழ் சப்மெர்சிபிள், மோனோபிளாக், ஜெட் பம்பு என்பனவும், விற்பனை என்பதன் கீழ் மாவட்டவாரியான டீலர்களும், பழுதுபார்ப்பு என்பதன் கீழ் உதிரிப் பாகங்களும் விரியவேண்டும் எனில், மூன்று தலைப்புகளும் மூன்று மூவி கிளிப்புகள். ஒவ்வொன்றிலும் முதல் ஃபிரேம் மூடிய நிலை. இரண்டு முதல் பதினொன்று வரை விரியும் அசைவு. அதன் பின் சுருங்கும் அசைவு. ஃப்ளாஷ் இயல்பாக நொடிக்குப் பன்னிரண்டு ஃபிரேம் வேகத்தில் ஓடியது என்பதால் பத்து ஃபிரேம் விரிவுக்கு முக்கால் நொடிக்கும் சற்று மேல் ஆகும். தலைப்பின் மீது சுட்டி வந்ததை அறிவதற்குப் பட்டன் என்னும் மற்றொரு உறுப்பு இருந்தது. அதற்கு இயல்பு நிலை, சுட்டி மேலிருக்கும் நிலை, அழுத்திய நிலை என மூன்று தோற்றங்களும், தொடு எல்லை எதுவென்று மட்டும் குறிக்கும் நான்காவது நிலையும் உண்டு.

ஒரு பட்டி தன்னைத்தானே திறந்துகொள்வது எளிது. பக்கத்துப் பட்டியை மூடச் சொல்வதற்கு அதன் முகவரி தெரியவேண்டும். இதற்காகத்தான் டெல் டார்கெட் என்னும் கட்டளை வந்தது; இன்ன இடத்திலுள்ள கிளிப்புக்கு இன்ன ஃபிரேமுக்குப் போகச் சொல் என்பது அதன் பொருள். அம்முகவரியை இரண்டு வழிகளில் எழுதலாம், அவ்விரண்டையும் ஆர்.எஸ்.புரத்தின் தெருக்கள் கைகாட்டி விளக்குகின்றன. இரத்தினசபாபதிபுரம் என்பதன் சுருக்கமே அப்பெயர். கோவை நகராட்சித் தலைவராக இருந்து, சிறுவாணித் தண்ணீர் நகருக்கு வருவதற்குப் பாடுபட்ட சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் நினைவாக அமைந்தது. கட்டம் போட்டதுபோல் நேர்நேராக வெட்டப்பட்ட இப்பகுதியில் தெற்கு வடக்காகச் செல்லும் திவான் பகதூர் சாலை, வழக்கில் டி.பி. ரோடு, முதுகெலும்பாக நிற்கிறது. அதைக் குறுக்கே கடக்கும் சம்பந்தம் சாலை, ஆரோக்கியசாமி சாலை, வெங்கடசாமி சாலை முதலியவை கிழக்கு என்றும் மேற்கு என்றும் பெயரால் பிரிகின்றன. டி.பி. ரோட்டிலிருந்து மேற்குச் சம்பந்தம் சாலையில் திரும்பி இத்தனையாவது வீடு என்று வழி சொல்வது யார் எங்கிருந்து வந்தாலும் மாறாத முழு முகவரி. இதோ இந்த வீட்டுக்கு எதிர்வீடு என்று சொல்வது, நிற்கும் இடத்தைப் பொறுத்த சார்பு முகவரி. ஃப்ளாஷில் முழு முகவரி ரூட் என்னும் முதன்மைக் காலக்கோட்டிலிருந்து தொடங்கும். சார்பு முகவரி பேரன்ட் எனப்படும் தாய்க் கிளிப்பிலிருந்து தொடங்கும்.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. ஒரு நிறுவனத்துக்குச் செய்த பட்டியை எடுத்து அடுத்த வேலைக்குப் பொருத்தும் பழக்கம் இத்தொழிலில் இயல்பானது. ரூட் என்று முழு முகவரி எழுதிய பட்டி புதிய தளத்தினுள் ஏற்றப்பட்டதும், புதிய தளத்தின் முதன்மைக் காலக்கோட்டைத் தன்னுடையதென்று எண்ணி, அங்கே இல்லாத கிளிப்பைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டி மூடாமல் நிற்கும், அவ்வளவுதான். கோப்பு எங்கே ஏற்றப்பட்டாலும் அதன் ரூட் அதற்குள்ளேயே அமையும்படி கட்டிப்போடும் லாக்ரூட் என்னும் வசதி 2003இல் எம்.எக்ஸ். 2004 பதிப்போடுதான் வந்தது.

ஒவ்வொரு பட்டியும் மற்ற ஒவ்வொரு பட்டியையும் மூடச் சொல்வது என்பதே முதலில் தோன்றிய விடை. மூன்று பட்டிகளுக்கு இது ஆறு கட்டளைகளில் முடிந்துவிடும். ஆறு பட்டிகள் என்றால் முப்பது கட்டளைகள். எட்டு என்றால் ஐம்பத்தாறு. வாடிக்கையாளர் இன்னொரு தலைப்பைச் சேர்க்கச் சொன்னால் ஏற்கெனவே எழுதிய எட்டுப் பட்டிகளையும் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு வரி கூட்டவேண்டும். ஒன்றில் விட்டுப்போனால், அந்த ஒரு பட்டியிலிருந்து புதிய பட்டிக்குப் போகும்போது மட்டும் இரண்டும் ஒன்றன் மீது ஒன்று விரிந்து நிற்கும் விந்தையான பிழை தோன்றும். ஆனால் கட்டளைகள் பெருகியது இவ்விடையின் அடிப்படைக் குறை அன்று. எந்தப் பட்டி இப்போது திறந்திருக்கிறது என்ற செய்தி எங்குமே எழுதி வைக்கப்படவில்லை என்பதே அடிப்படைக் குறை; ஒவ்வொரு பட்டிக்கும் தன் நிலை மட்டும் தெரியும், மொத்த நிலை யாருக்கும் தெரியாது. ஆகவே மூடியிருக்கும் பட்டிகளுக்கும் மூடு என்ற கட்டளை போய், அவை வீணாக ஒருமுறை சுருங்கிக் காட்டும் வேடிக்கையும் நிகழ்ந்தது.

1999இல் வந்த நான்காம் பதிப்பு மாறிகளை, அதாவது பெயரிட்டு ஒரு மதிப்பை நினைவில் வைக்கும் வசதியை, ஃப்ளாஷுக்குள் கொண்டுவந்தது; 2000இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்னும் முறையான நிரல்மொழியைத் தந்தது. இவற்றின் பின்னரே சரியான விடை பரவலாயிற்று. முதன்மைக் காலக்கோட்டில் ஒரே ஒரு மாறி வைக்கப்பட்டது. திறந்திருக்கும் பட்டியின் பெயர் அதில் எழுதப்பட்டது. சுட்டி ஒரு தலைப்பின் மீது வந்ததும் அப்பட்டி முதலில் அந்த மாறியைப் பார்க்கும். அதில் தன் பெயரே இருந்தால் சும்மா இருக்கும். வேறு பெயர் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் மூடச் சொல்லிவிட்டு, தன் பெயரை எழுதித் தான் திறக்கும். பட்டிகள் எட்டானாலும் எண்பதானாலும் நிரல் இதே நான்கு வரி. பட்டிகள் இப்போது ஒன்றையொன்று அறியவேண்டியதில்லை. எல்லாம் ஒரே ஏட்டைப் பார்த்தால் போதும். கொங்கு நாட்டு வாய்க்கால் பாசனத்தில் முறைத் தண்ணீர் என்ற ஏற்பாடு உண்டு: யார் மடை இப்போது திறந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த முறையில் இருப்பதால், ஒவ்வொரு வயல்காரரும் மற்ற எல்லா வயலுக்கும் நடந்துபோய் மடையை அடைக்கவேண்டிய தேவையில்லை. நிரலில் பின்னர் வந்ததும் அந்த அறிவே. இம்முறையை முதலில் கண்டவர் இன்னார் என்று ஒருவரைச் சுட்டுவது பொருந்தாது. ஒரே இடரில் சிக்கியவர்கள் பல ஊர்களில் தனித்தனியே இந்த விடையை வந்தடைந்தார்கள் என்று கொள்வதே நியாயம்.

பொது ஏடு வந்த பிறகும் அசைவு தன் தொல்லையைக் கொடுத்தது. விரிந்துகொண்டிருக்கும் பட்டி ஐந்தாம் ஃபிரேமில் இருக்கும்போது சுட்டி விலகினால், சுருங்கும் அசைவின் தொடக்கத்துக்குத் தாவும் பட்டி ஒரு கணம் முழுதாக விரிந்து காட்டிவிட்டுத்தான் சுருங்கும். கண்ணுக்கு அது ஒரு துள்ளலாகப் படும். பாதியில் நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னோக்கி நடத்துவது இதற்குக் கைகண்ட மருந்தாயிற்று. சுட்டி விலகியதை அறிவது இன்னும் கடினமான வேலை. பட்டி முழுவதையும் ஒரு பட்டனாக ஆக்கினால் உள்ளே இருக்கும் துணைத் தலைப்புகள் சொடுக்குக்குச் செவிசாய்க்காமல் போகும். ஆக்காவிட்டால் சுட்டி வெளியே போனது தெரியாது. வடிவமைப்பாளர்கள் இதற்குச் செய்த உபாயம் அழகானது: தொடு எல்லை மட்டும் உடைய, எந்தத் தோற்றமும் இல்லாத ஒரு பட்டனைப் பட்டியின் அடியில் அதைவிடப் பெரிதாக விரித்து வைத்தார்கள். பட்டியைவிட்டு இறங்கும் சுட்டி அந்தக் காணாப் பட்டன் மீது காலை வைத்தே தீரவேண்டும். வைத்த கணத்தில் பட்டி மூடும். ஐந்தாம் பதிப்பில் வந்த ஹிட்டெஸ்ட் என்னும் கட்டளை, சுட்டியின் இடத்தையும் கிளிப்பின் எல்லையையும் ஒப்பிட்டு விடை சொன்னதால், காணாப் பட்டனின் தேவை மெல்லக் குறைந்தது. கைநடுக்கத்தால் சுட்டி ஒரு கணம் வெளியே போய்த் திரும்பும் முதியவருக்காகச் சில நூறு மில்லிநொடி பொறுத்து மூடும் வழக்கமும் இதனுடன் சேர்ந்தது. இத்தொழிலில் கனிவு என்று ஒன்று உண்டென்றால் அது இந்தத் தாமதத்தில்தான் இருந்தது.

பட்டிகள் ஒரே கோப்புக்குள் இல்லாமல் தனித்தனிக் கோப்புகளாகப் பக்கத்தின் வெவ்வேறு மூலைகளில் ஒட்டப்பட்ட தளங்களும் இருந்தன. மேலே ஒரு ஃப்ளாஷ் பட்டி, இடப்பக்கம் இன்னொன்று, நடுவில் சாதாரண எழுத்துப் பக்கம். இவற்றுக்குப் பொதுவான முதன்மைக் காலக்கோடு இல்லை என்பதால் பொது ஏட்டுக்கும் இடமில்லை. ஜாவாஸ்கிரிப்டை இடையில் தூதாக நிறுத்திச் செய்தி கடத்தினார்கள். உலாவிக்கு உலாவி அது வேறுபட்டது. 2002இல் எம்.எக்ஸ். பதிப்போடு வந்த லோக்கல் கனெக்‌ஷன் என்னும் வசதி, ஒரே கணினியில் ஓடும் இரண்டு ஃப்ளாஷ் கோப்புகள் பெயரிட்ட ஒரு தடத்தின் வழி நேரடியாகப் பேசிக்கொள்ள இடம் தந்தது. ஒரு பெயருக்கு ஒரு கேட்பவர் மட்டுமே என்பது அதன் விதி. ஆகவே ஒருவர் அதே தளத்தை இரண்டு சாளரங்களில் திறந்தால், இரண்டாம் சாளரத்தின் பட்டி தனக்கென்று தடம் கிடைக்காமல் ஊமையாகும், சில வேளைகளில் இரண்டாம் சாளரத்தில் அழுத்தியதற்கு முதல் சாளரத்தின் பட்டி அசையும். கோப்பு திறக்கும் ஒவ்வொரு முறையும் தற்செயலான ஓர் எண்ணைத் தடத்தின் பெயரோடு ஒட்டுவது இதற்கு மாற்றாக வந்தது.

இக்கலை கோயம்புத்தூரில் வேர்பிடித்ததற்கான நிலம் முன்பே உழப்பட்டிருந்தது. பஞ்சாலை இயந்திரங்கள், பம்புகள், மாவரைக்கும் கிரைண்டர்கள், அருகிலிருக்கும் திருப்பூரின் பின்னலாடைகள் என்று வெளியூரும் வெளிநாடும் வாங்கவேண்டிய பொருட்களைச் செய்யும் நகரத்துக்கு, அச்சிட்ட விலைப்பட்டியலை அனுப்பிக் காத்திருப்பதைவிடத் திரையில் காட்டுவது உவப்பாக இருந்தது. கணினிப் பயிற்சி நிலையங்கள் ஃப்ளாஷைப் பாடமாக்கின. கொடிசியா வளாகக் கண்காட்சிகளுக்குக் குறுந்தகட்டில் பொருள் விளக்கம் கொடுக்கும் வழக்கத்துக்கும் அதே ஃப்ளாஷ் கோப்பு உதவியது, ஏனெனில் உலாவி இல்லாமலே தானாக ஓடும் வடிவில் அதை வெளியிட முடியும். துணிக்கடைகளும் நகைக்கடைகளும் மருத்துவமனைகளும் நெருங்கிய ஆர்.எஸ்.புரம், திறந்ததும் பூக்கள் விழுந்து இசை எழும் முகப்புத் தளங்களை விரும்பும் வாடிக்கையாளர்களின் இடமாகவும் இருந்தது. ஜேக்கப் நீல்சன் என்னும் பயன்பாட்டு அறிஞர் 2000ஆம் ஆண்டிலேயே ஃப்ளாஷில் பெரும்பகுதி தீமையே என்று வாதிட்டு, உலாவியின் பின்செல் பொத்தானை அது செயலிழக்கச் செய்வதைச் சுட்டிக்காட்டினார். அவர் கூறியது உண்மை. எனினும், தொலைபேசிக் கம்பி வழியே ஒரு சிறு ஊர் உற்பத்தியாளர் தம் பொருளைச் சுழற்றிக் காட்ட வேறு வழி அன்று இருக்கவில்லை என்பதும் உண்மை.

தமிழுக்கு ஃப்ளாஷ் செய்த உதவி தனித்துப் பேசத்தக்கது. தமிழ் யூனிகோடில் 1991 முதலே இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் குடும்பத்தில் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அதற்கு ஆதரவு வந்தது. விண்டோஸ் 98 பரவியிருந்த இணைய மையங்களில் யூனிகோடுத் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் குறியீடுகளும், இணையத்தில் கூடிய ஆர்வலர்களின் முயற்சியால் டிஸ்கியும் உருவாயின என்றாலும், படிப்பவர் தம் கணினியில் உரிய எழுத்துருவை இறக்கி நிறுவியாக வேண்டும். ஃப்ளாஷ் இந்தத் தடையைத் தாண்டியது: எழுத்துருவின் வளைகோடுகளையே தன் கோப்புக்குள் வைத்து அனுப்ப அதனால் முடிந்தது. முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு என்று தமிழில் எழுதிய பட்டி, எந்த எழுத்துருவும் இல்லாத கணினியிலும் பிசிறின்றி விரிந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. அன்றைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்தவை. ஆகவே கோப்புக்குள் இருந்தது கணினியின் கண்ணில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. சொற்களைக் கோடுகளாக உடைத்து வைத்த தளங்களிலோ எழுத்து என்று சொல்ல எதுவுமே இல்லை. 2008இல் கூகுள் ஃப்ளாஷ் கோப்புகளின் உள்ளே புகுந்து சொற்களைத் தேடத் தொடங்கியபோதும் இந்தத் தமிழ் அதன் கைக்கு அகப்படவில்லை. மனிதக் கண்ணுக்கு மிக அழகாகவும் இயந்திரக் கண்ணுக்கு முற்றிலும் மறைவாகவும் ஒரு தலைமுறைத் தமிழ்ப் பட்டிகள் வாழ்ந்தன.

இரண்டு கதைகளும் 2010ஆம் ஆண்டில் எதிரெதிராகக் கடந்தன. அவ்வாண்டு ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதனோடு இணைந்து தமிழ் இணைய மாநாடும் கூடியது. அதே காலத்தில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அது இயலாத இடங்களுக்கு டேஸ் 16 குறியீட்டையும் தரமாக ஏற்றது. தமிழ் எழுத்து, உறை எதுவும் தேவைப்படாமல் இணையத்தில் நேராக நிற்கும் காலம் உறுதிப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 29 அன்று, ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் கருவிகளில் ஃப்ளாஷுக்கு இடமில்லை என்பதற்கான காரணங்களை விளக்கி ஒரு திறந்த மடல் வெளியிட்டிருந்தார். மின்கலன், பாதுகாப்பு முதலியவற்றோடு அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று பட்டிகளையே தொட்டது: ஃப்ளாஷ் தளங்கள் பல, சுட்டி மேலே வந்து நிற்பதால் விரியும் பட்டிகளை நம்பியவை, விரலால் தொடும் திரையில் மேலே வந்து நிற்றல் என்ற நிலையே கிடையாது. காணாப் பட்டனும் பொறுத்து மூடும் தாமதமும் பொருளிழந்தன. 2005 முதல் ஃப்ளாஷின் உரிமையாளராக இருந்த அடோபி, 2011இல் கைபேசிப் பதிப்பை நிறுத்தி, 2020 டிசம்பர் 31உடன் ஆதரவை முடித்து, 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் இயக்கியே கோப்புகளை ஓட்ட மறுக்கும்படி செய்தது.

கேள்வி மட்டும் மறையவில்லை. ஜாவாஸ்கிரிப்டும், 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி நூலகமும், சி.எஸ்.எஸ். எனப்படும் ஒப்பனை மொழியின் அசைவுகளும் ஃப்ளாஷின் இடத்துக்கு வந்தபோது, எந்தப் பட்டி திறந்திருக்கிறது என்ற அதே மாறி அதே நான்கு வரிகளோடு அங்கே குடியேறியது. கண்பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்குத் திறந்த நிலையையும் மூடிய நிலையையும் சொல்லில் அறிவிக்கும் நெறிமுறை 2014இல் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாயிற்று. பழைய பட்டிகள் மிகப் பலவற்றில் இல்லாதிருந்த நேர்மை இதுவே. 2023இன் இறுதியிலிருந்து, விரிந்து சுருங்கும் பகுதிகள் பலவற்றுக்கு ஒரே பெயரை இட்டுவிட்டால் அவற்றுள் ஒன்று திறக்கும்போது மற்றது தானே மூடும் ஏற்பாட்டை உலாவிகளே ஏற்றுக்கொள்ளத் தொடங்கின. கால் நூற்றாண்டாகக் கைத்தொழிலாளர் ஒவ்வொருவரும் தம் தளத்துக்குள் எழுதி வந்த ஏடு, இணையத்தின் அடித்தளத்துக்கே இறங்கிவிட்டது.

அந்தக் கைவேலையின் சான்றுகள் மறைந்துகொண்டிருக்கின்றன. பழைய தளங்களைச் சேமிக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் ஏட்டில் முகப்பு இருக்கும், அது உள்ளுக்குள் அழைத்த துணைக் கோப்புகள் இராது. கோப்பின் பெயர் நிரலுக்குள் ஒளிந்திருந்ததால் சேமிக்கும் இயந்திரம் அதைக் காணவில்லை. தமிழ்ப் பட்டிகளுக்கு இழப்பு இரட்டிப்பு, ஏனெனில் தேடினாலும் அவை கிடைக்கமாட்டா. எனினும் கோப்பு கையில் இருந்தால் இன்றும் ஓட்ட முடியும்: ரஃபிள் என்னும் திறந்த மூல மென்பொருள் ஃப்ளாஷ் கோப்புகளை இன்றைய உலாவியில் இயக்குகிறது, இன்டர்நெட் ஆர்க்கைவும் 2020 நவம்பர் முதல் அதைப் பயன்படுத்தி வருகிறது. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் 2000ஆம் ஆண்டை ஒட்டி இணையதளம் செய்தவர்கள், செய்வித்தவர்கள், பயின்றவர்கள் ஆகியோரின் அலமாரிகளில் அக்காலக் குறுந்தகடுகள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றின் சாயப்பூச்சு ஆண்டுக்கு ஆண்டு மங்கி வருகிறது. அவற்றில் உள்ள மூலக் கோப்புகளை, எப்போது எதற்காகச் செய்யப்பட்டன என்ற ஒரு வரிக் குறிப்போடு, இந்த ஆண்டே படியெடுத்து ஒரு பொது ஆவணகத்தில் சேர்த்துவிட வேண்டும்.